பூவை அளந்துவிட்டு லென்ஸ் வாங்குங்கள்

உங்கள் கேள்வியின் சாரம் இது: கையில் கேனன் 1500டி கேமரா, அதோடு வந்த 18–55 மி.மீ., 55–250 மி.மீ. என்று இரண்டு ஜூம் லென்ஸ்கள். பெரம்பூர் வீட்டு மாடியில் செம்பருத்தி, நந்தியாவட்டை, சங்குப்பூ. கீழே வாசலில் ஒரு பவழமல்லி மரம். கிட்டப் போய் எடுத்தால் படம் மங்கலாக வருகிறது. மிகக் கிட்டப் போய் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸுக்கென்று 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். வாங்கலாமா, வாங்கினால் எது?

வாங்கலாம். ஆனால் இப்போது வேண்டாம். முதலில் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள்.

ஒவ்வொரு பூவையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக விரிந்த செம்பருத்தி பத்து செ.மீ. வரும். ஒற்றை நந்தியாவட்டை நான்கு, நாலரை. சங்குப்பூவும் ஏறத்தாழ அவ்வளவுதான். பவழமல்லி இரண்டு செ.மீ.யை ஒட்டி இருக்கும். அடுத்து, உங்கள் கேமராவின் சென்சார் (உள்ளே பிம்பத்தைப் பதிவு செய்யும் சில்லு) 22.3 மி.மீ. அகலம், 14.9 மி.மீ. உயரம். மேக்ரோ லென்ஸ் என்று வாங்குவது பெரும்பாலும் 1:1 வரை போகக்கூடியது. பொருள் எவ்வளவு பெரிதோ அதே அளவில் பிம்பம் சென்சாரில் விழும். அப்படியென்றால் 1:1இல் உங்கள் படத்துக்குள் அடங்குவது 22 மி.மீ. அகலம் மட்டுமே. செம்பருத்தியை அந்த அளவில் எடுத்தால் மகரந்தத் தண்டின் நுனி மட்டும்தான் இருக்கும், பூ இருக்காது.

இப்போது உங்களிடம் ஏற்கெனவே இருப்பதைப் பார்ப்போம். 18–55 லென்ஸை 55இல் வைத்து, அது ஃபோகஸ் ஆகும் கடைசி எல்லை வரை கிட்டப் போனால், நிஜ அளவில் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும். சுமார் ஆறரை செ.மீ. அகலம் படத்தை நிரப்பும். நந்தியாவட்டைக்கு அது போதும், சங்குப்பூவுக்குப் போதும், செம்பருத்திக்கு அவ்வளவு கிட்டப் போகவே வேண்டாம். நீங்கள் எழுதிய நான்கு பூக்களில் மேக்ரோ லென்ஸ் கேட்பது பவழமல்லி ஒன்றுதான். படம் மங்குவதற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. பெரும்பாலும் மூன்று இடங்களில்: ஃபோகஸ் ஆழம், காற்று, ஃபோகஸ் பிடிக்கும் முறை.

ஃபோகஸ் ஆழம் என்பது படத்தில் துல்லியமாகத் தெரியும் பகுதியின் கனம். ஆளை எடுக்கும்போது அது அடிக்கணக்கில் இருப்பதால் நாம் கவலைப்படுவதில்லை. பூவுக்குக் கிட்டப் போகப் போக அது சுருங்கிக்கொண்டே வரும். உங்கள் சென்சாருக்குக் கணக்குப் போட்டால், அபர்ச்சர் எனும் லென்ஸ் துளையை எஃப்/8இல் (எண் கூடினால் துளை சிறிதாகும், ஆழம் கூடும்) வைத்து, முழுச் செம்பருத்தியும் அடங்கும் தூரத்தில் நின்றால் சுமார் 15 மி.மீ. கிடைக்கும். மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் போனால் நாலு மி.மீ.க்குள். 1:1இல் 0.6 மி.மீ. மட்டும். ஒரு கட்டைவிரல் நகத்தின் கனம் அளவுக்கு! மேக்ரோ லென்ஸ் வாங்கினால் மங்கல் தீரும் என்று நினைத்தீர்கள் அல்லவா, உண்மையில் அது இன்னும் கூடும். அதனால்தான் முதலில் இதைப் பழகிக்கொள்ளச் சொல்கிறேன்.

இந்த மெல்லிய தகட்டைப் பூவின் மேல் எங்கே வைப்பது என்பதுதான் இந்தக் கலையில் பாதி. செம்பருத்தியை எல்லோரும் நேர் எதிரே நின்று எடுப்பார்கள். அந்தப் பூவின் நடுத்தண்டு ஒரு விரல் நீளத்துக்கு நம்மை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டுகள் போல சூல்முடிகள், அதற்குக் கீழே மஞ்சள் மகரந்தப் பைகள், அப்புறம் அடியில் கருஞ்சிவப்புத் தொண்டை. நுனியில் ஃபோகஸ் வைத்தால் இதழ் கரையும், இதழில் வைத்தால் நுனி கரையும். எஃப்/22 வைத்தாலும் ஆறேழு செ.மீ. ஆழத்தைப் பிடிக்க முடியாது. அதே பூவைப் பக்கவாட்டில் பாருங்கள். தண்டு முழுவதும் உங்கள் சென்சாருக்கு இணையாகப் படுத்திருக்கும். அடி முதல் நுனி வரை, ஒவ்வொரு மகரந்தத் துகளும் தெளிவாக விழும். பின்னால் இதழ்கள் ஒரு சிவப்புத் திரையாக மெத்தென்று நிற்கும். லென்ஸ் மாற்றவில்லை, செட்டிங் மாற்றவில்லை, நீங்கள் இரண்டடி நகர்ந்தீர்கள், அவ்வளவுதான். நந்தியாவட்டைக்கு இதற்கு நேர்மாறு. அது தட்டையான காற்றாடிப் பூ. நேர் எதிரே, கேமராவின் முதுகு பூவுக்கு இணையாக இருக்கும்படி பிடித்தால் ஐந்து இதழும் ஒரே தகட்டில் வரும். எந்தப் பூவையும் எடுக்கும் முன் இந்தப் பூவின் முக்கியமான பாகம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று ஒரு நிமிடம் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து காற்று. சென்னையில் இதற்கு ஒரு நேர அட்டவணையே உண்டு. கோடையில் முற்பகல் முடியும் வாக்கில் கடற்காற்று கிளம்பும். அதன் பிறகு மாடியில் சங்குப்பூக் கொடி ஒரு நொடி சும்மா இருக்காது. விடிந்ததிலிருந்து எட்டு மணி வரைதான் நமக்குச் சரியான நேரம். காற்றும் குறைவு, வெயிலும் மிதம். மே மாதத்தில் 5.45 வாக்கிலேயே சூரியன் வந்துவிடும், எனவே சீக்கிரம் எழ வேண்டும். அப்படியும் அசைந்தால் ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியில் ஊன்றி, காம்பைத் துணி கிளிப்பால் மெதுவாகக் குச்சியோடு பிடித்து வையுங்கள். கிளிப்பின் வாயில் கொஞ்சம் பஞ்சு சுற்றிக்கொண்டால் காம்பு நசுங்காது. இதற்கென்று விற்கும் வளையும் கைகளை நானும் வாங்கியிருக்கிறேன். குச்சியும் கிளிப்பும் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது.

கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/250க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிட்டப் போகும்போது பூ பெரிதாகிற மாதிரி கை நடுக்கமும் பெரிதாகும்; லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் இந்தத் தூரத்தில் அவ்வளவாக உதவாது. வெளிச்சம் போதவில்லையா, ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 800, 1600 என்று தயங்காமல் ஏற்றுங்கள். கொஞ்சம் குருணை விழுந்த கூர்மையான படம், சுத்தமான மங்கல் படத்தை விட எவ்வளவோ மேல். மாடிச் செடிகள் தாழ்வாக இருப்பதால் ட்ரைபாட் பல நேரம் இடைஞ்சலாகத்தான் இருக்கும். ஒரு மஞ்சப்பையில் இரண்டு கிலோ உளுந்தோ அரிசியோ போட்டு வாயைக் கட்டி, கவிழ்த்த வாளியின் மேல் வைத்து, கேமராவை அதில் அழுத்தி உட்கார வையுங்கள். நான் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

ஃபோகஸ் பிடிப்பதில் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றினால் போதும். ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். லைவ் வியூ போட்டு, திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, எந்த இடம் கூர்மையாக வேண்டுமோ அங்கே லென்ஸ் வளையத்தைத் திருப்பிப் பிடியுங்கள். இரண்டு வினாடி டைமர் வைத்து எடுங்கள், பட்டனை அழுத்தும் அதிர்வு போய்விடும். இது கேமரா ஒரு இடத்தில் நிலையாக இருக்கும்போது. கையில் இருந்தால் வேறு வழி: வளையத்தை ஒரு தூரத்தில் நிறுத்திவிட்டு அப்புறம் தொடாதீர்கள். உடம்பை முன்னும் பின்னுமாக மில்லிமீட்டர் கணக்கில் ஆட்டி, கூர்மை வந்து போகும் அந்தக் கணத்தில் நாலைந்து படம் தொடர்ச்சியாக எடுங்கள். மூச்சை விட்டுக்கொண்டே எடுத்தால் ஆட்டம் குறையும். பத்தில் இரண்டு தேறினால் நல்ல கை.

இவற்றைப் பழக உங்கள் மாடிப் பூக்களை விட நல்ல ஆசிரியர் எருக்கு. காலி மனை எங்கே இருந்தாலும் அங்கே எருக்கு இருக்கும். இதழ்கள் மெழுகில் வார்த்தது போல விறைப்பானவை, லேசான காற்றுக்கு அசையாது, ஒரே செடியில் மொட்டு முதல் வாடிய பூ வரை எல்லாம் கிடைக்கும். கிட்டப் போய்ப் பாருங்கள்: வெளியே ஐந்து இதழ்கள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். நடுவே ஐந்து முகடுகள் கொண்ட ஒரு கிரீடம் எழுந்து நிற்கும், முகடுகளின் ஓரத்தில் ஊதா நிறம் ஊறியிருக்கும். அதன் தலையில் ஐங்கோணமாக ஒரு சின்னத் தட்டு. பிள்ளையார் சதுர்த்திக்கு மாலையாகக் கட்டி எத்தனையோ முறை பார்த்த பூதான், ஆனால் அந்தத் தட்டின் ஐந்து மூலைகளையும் ஒரே ஃபோகஸில் கொண்டுவந்த நாளில்தான் எனக்கு அது முதன்முறையாகப் பூவாகத் தெரிந்தது. பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொட்டால் கையைக் கழுவிவிட்டு அப்புறம் வ்யூஃபைண்டரில் கண் வையுங்கள்.

வெளிச்சத்துக்கு வருவோம். எட்டரைக்கு மேல் சென்னை வெயில் பூவின் மேல் நேராக விழுந்தால் ஒரு பக்கம் வெளுத்து, மறுபக்கம் கறுத்துப் போகும். ஒரு பழைய வெள்ளை வேட்டியை நாலாக மடிக்காமல் ஒற்றையாக விரித்து, இரண்டு குச்சியில் கட்டி, சூரியனுக்கும் பூவுக்கும் நடுவே பிடியுங்கள். பூவுக்கு எவ்வளவு கிட்டப் பிடிக்கிறீர்களோ அவ்வளவுக்கு வெளிச்சம் மென்மையாகும். நிழல் பக்கத்தில் டிவி பெட்டியில் வந்த தெர்மோகோல் துண்டு ஒன்றைச் சாய்த்து வைத்தால் இருட்டு நிறைந்துவிடும். பின்னணி கண்ணை உறுத்தினால் ஒரு மீட்டர் கறுப்பு ரவிக்கைத் துணி, பூவுக்கு இரண்டடி பின்னால், நிழலில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை மேகம் மூடிய நாட்களில் இவை எதுவும் வேண்டாம், வானமே வேட்டி விரித்துத் தரும். அந்த நாட்களை விட்டுவிடாதீர்கள்.

சிவப்புச் செம்பருத்தியில் பலர் ஏமாறும் விஷயம் ஒன்று உண்டு. படம் சரியான வெளிச்சத்தில் இருக்கிறது என்று கேமரா சொல்லும், ஆனால் இதழில் ஒரு நரம்பு கூடத் தெரியாது. சிவப்புப் பெயின்ட் அடித்த அட்டை மாதிரி இருக்கும். சிவப்புச் சேனல் மட்டும் நிரம்பி வழிந்திருக்கிறது. பொதுவான ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச வரைபடம்) அதைக் காட்டாது. எடுத்த படத்தைப் பார்க்கும்போது ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமுக்கு மாற்றி, சிவப்புக் கோடு வலது சுவரில் முட்டுகிறதா பாருங்கள். முட்டினால் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) குறையுங்கள். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்தால் பிறகு சரிசெய்ய இடமிருக்கும். நந்தியாவட்டையில் சிக்கல் வேறு. வெள்ளைப் பூ படத்தை நிரப்பினால் கேமரா பயந்து படத்தைச் சாம்பலாக்கிவிடும், ஏற்ற வேண்டும். சின்னதாக, கரும்பச்சை இலைகளுக்கு நடுவே இருந்தால் பூ வெளுத்துவிடும், இறக்க வேண்டும்.

சரி, இப்போது பணம் செலவழிக்கும் பகுதி. மேக்ரோ லென்ஸுக்கு முன்னால் உங்கள் 55–250ஐ ஒருமுறை நம்பிப் பாருங்கள். 250இல் வைத்து அது அனுமதிக்கும் கிட்டத்துக்குப் போனால் (பழைய மாடலில் 1.1 மீட்டர், பெயரில் எஸ்டிஎம் என்று உள்ள புதிய மாடலில் 85 செ.மீ.) அதுவும் 18–55 தரும் அளவுக்கு நெருங்கி வந்துவிடும். ஆனால் படம் வேறு மாதிரி இருக்கும். பின்னால் தெரியும் பரப்பு மிகக் குறுகலாகிவிடுவதால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் கொடியில் காயும் துணியும் காணாமல் போய், ஒரே பச்சையாகக் குழைந்து நிற்கும். தேனீ வந்து உட்கார்ந்தாலும் நீங்கள் ஒரு மீட்டர் தள்ளித்தான் இருக்கிறீர்கள், அது பயப்படாது.

இந்த லென்ஸின் முன்னால் +2 பவர் குளோசப் லென்ஸ் (பூதக்கண்ணாடி போன்ற கூடுதல் கண்ணாடி) ஒன்றைத் திருகினால் மாற்றம் பெரிது. 250இல், ஃபோகஸை முடிவிலியில் வைத்தாலே நிஜ அளவில் பாதி கிடைக்கும். பூவுக்கும் லென்ஸுக்கும் நடுவே அரை மீட்டர் இடைவெளி அப்படியே இருக்கும். ஃபோகஸைக் கிட்டே கொண்டுவந்தால் இன்னும் பெரிதாகும். கண்ணாடிக்குக் கண்ணாடி வித்தியாசம் உண்டு. +1, +2, +4, +10 என்று நாலு சேர்ந்து ஒரு பையில் மலிவாக வருபவை ஒற்றைக் கண்ணாடி. ஓரங்களில் ஊதா, பச்சை விளிம்பு கட்டும். இரண்டு கண்ணாடி ஒட்டிச் செய்த அக்ரோமாட் வகையைக் கேட்டு வாங்குங்கள், பழைய கேமரா சாமான் விற்கும் இடங்களில் கேனனின் 500டி குளோசப் லென்ஸ் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். பவழமல்லி அளவுக்கு ரேனாக்ஸ் டிசிஆர்-150 என்று ஒன்று உண்டு, அது +4.8. லென்ஸ் முன்னால் கவ்விக்கொள்ளும் கிளிப்போடு வரும். 250இல் 1:1ஐயும் தாண்டும், இடைவெளி சுமார் 21 செ.மீ. எனக்கு யாராவது ஒரே ஒரு பொருள் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

எக்ஸ்டென்ஷன் ட்யூப் இன்னொரு வழி. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே போடும் வெற்றுக் குழாய். கண்ணாடியே இல்லாததால் படத் தரம் கெடாது, வெளிச்சம்தான் குறையும். 31 மி.மீ. குழாயை 18–55இன் 55 முனையில் போட்டால் நிஜ அளவுக்கு அருகில் வந்துவிடும், ஆனால் பூ லென்ஸை முட்டும் தூரத்தில் இருக்கும், உங்கள் நிழலே பூவின் மேல் விழும். கேனனில் அபர்ச்சர் மின்சாரத்தில் இயங்குவதால், உள்ளே தங்க நிற இணைப்புப் புள்ளிகள் இல்லாத மலிவுக் குழாயை வாங்கினால் அபர்ச்சரை மாற்றவே முடியாது. லென்ஸைத் தலைகீழாக மாட்டும் ரிவர்ஸ் ரிங் பற்றிப் பலர் சொல்வார்கள். அதிலும் இதே அபர்ச்சர் சிக்கல் உண்டு, லென்ஸின் பின்கண்ணாடி வெளியே தெரிய தூசியும் ஏறும். நான் பரிந்துரைக்கவில்லை.

வெளிச்சத்துக்காக ஃப்ளாஷ் வேண்டுமென்றால் கேமரா மேல் எழும்பும் ஃப்ளாஷ் உதவாது, இந்தத் தூரத்தில் லென்ஸின் நிழல் பூவில் விழும். தனி ஃப்ளாஷ் ஒன்றைக் கேமராவிலிருந்து கழற்றிப் பக்கவாட்டில் வைத்து, முன்னால் பட்டர் பேப்பர் ஒட்டி எடுத்தால் காற்றில் ஆடும் பூவையும் நிறுத்திவிடலாம். 1500டியில் ஷட்டரை 1/200க்கு மேல் ஏற்றாதீர்கள், படத்தில் கறுப்புப் பட்டை விழும்.

பவழமல்லிக்கு ஃப்ளாஷ் எல்லாம் வேண்டாம். அது விடியும்போது தானாக உதிரும், பறிக்கவே வேண்டியதில்லை. ஆறு மணிக்குத் தரையிலிருந்து நாலு பூவை எடுத்து, குழந்தைகளின் சிலேட்டு ஒன்றின் மேல் வைத்து, ஜன்னல் ஓரம் கொண்டுவாருங்கள். காற்று இல்லை, அவசரம் இல்லை. காம்பின் காவி நிறம் கறுப்புச் சிலேட்டில் எரிவது போலத் தெரியும். வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும், இதழ் ஓரம் சீக்கிரமே பழுப்பாகிவிடும். ஃபோகஸை அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராக நகர்த்தி இருபது முப்பது படம் எடுத்து, ஹெலிக்கான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருளில் ஒன்றாகச் சேர்த்தால் முழுப் பூவும் கூர்மையாக வரும். அதை இந்த ஜன்னல் ஓரத்தில்தான் செய்ய முடியும், மாடிக் காற்றில் முயல வேண்டாம். அபர்ச்சரைக் குறைத்துக்கொண்டே போய் ஆழத்தைப் பிடிக்கலாமே என்றால், 1:1இல் எஃப்/16 என்று வைப்பது உண்மையில் எஃப்/32 போல வேலை செய்யும்; சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதும் சோர்ந்துவிடும். எஃப்/11க்கு மேல் அங்கே போகாதீர்கள்.

மாடியைத் தாண்டிப் போக விரும்பினால், கதீட்ரல் சாலையில் 2010இல் திறந்த செம்மொழிப் பூங்கா இருக்கிறது, பூச்செடிகளை வரிசையாக ஒரே இடத்தில் பார்க்கலாம். ட்ரைபாட் கொண்டுபோகும் முன் வாசலில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். திருவான்மியூர், நீலாங்கரை மணலில் அடம்பங்கொடி காலையில் இளஞ்சிவப்பாக விரியும், ஆனால் மணலில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். பழைய கோயில்களில் நாகலிங்க மரம் இருந்தால் நின்று பாருங்கள். அதன் பூ தண்டிலேயே, நம் முகத்துக்கு நேரே பூக்கும். தடித்த காம்பு, அசைவு குறைவு, கிட்டத்தட்ட உள்ளங்கை அளவு. உங்கள் சாதாரண லென்ஸே போதும்.

எதை வாங்கினாலும் சென்னையில் அதைக் காப்பாற்றுவது தனி வேலை. 2015 டிசம்பர் மழையின்போது நான் ஒரு நல்ல லென்ஸைத் தோல் உறையில் போட்டு பீரோவில் வைத்துவிட்டு மூன்று வாரம் எடுக்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது உள்கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. பிரித்துச் சுத்தம் செய்தும் பூச்சில் தடம் போகவில்லை. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், கூடாது. காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி. நாற்பதுக்கும் ஐம்பது சதவீதத்துக்கும் நடுவில் இருந்தால் சரி. நிறம் மாறும் நீல ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டால் சூடுபடுத்திக் காயவைத்து மீண்டும் போடலாம். ஏசி அறையிலிருந்து நேராக விடியற்காலை மாடிக்குப் போனால் லென்ஸில் பனி படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள்.

மூன்று மாதம் இப்படி எடுத்த பிறகும் பவழமல்லி, எருக்கின் கிரீடம், சங்குப்பூவின் நடு வெள்ளை என்று சின்னவற்றிடமே உங்கள் கண் போய்க்கொண்டிருந்தால் அப்போது அந்த 40,000ஐ எடுங்கள். 90க்கும் 105க்கும் இடைப்பட்ட லென்ஸாகப் பாருங்கள், 60 மி.மீ. மேக்ரோ உங்கள் கேமராவில் நன்றாக இருக்கும், ஆனால் 1:1இல் பூவுக்கு நாலு விரல்கடை இடைவெளியில் போய் நிற்க வேண்டும். டாம்ரான் 90, கேனன் 100 இரண்டும் பழையதாக நிறைய கைமாறுபவை. வாங்கும்போது இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்னாலிருந்து மொபைல் டார்ச்சை அடித்து, முன்னாலிருந்து சாய்வாகப் பாருங்கள். நூல் நூலாக ஏதாவது தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஃபோகஸ் வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பி, எங்கும் பிடிக்காமல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். கையோடு ஒரு பூவைக் கொண்டுபோய் கடையிலேயே 1:1இல் நாலு படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.